சேற்றில் நிற்கும் காலுக்கு என்ன காவல்? அவலாஞ்சி முதல் முத்துப்பேட்டை வரை ஒரு நீர்வழிப் பயணம்

சம்பா நடவு சமயத்தில் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலோர இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 15 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என 5 ஆறுகள் வந்துவிடும். ஒவ்வொரு பாலத்துக்கும் இடையே, சேடை ஓட்டிப் பரம்படித்த வயல்கள் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

அந்த வயல்களில் வரிசையாகக் குனிந்திருப்பார்கள் நடவுப் பெண்கள். புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகி, மேலே ஓர் ஆண்கள் சட்டை. தலையில் துண்டு. இடது கையில் நாற்று முடி. வலது கை விரல்கள் தண்ணீருக்குள் போய் வருவதே தெரியாது. பின்னாலேயே பச்சை வரிசை முளைத்துக்கொண்டு வரும். செல்போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காமல் யாராலும் இருக்க முடியாத காட்சி.

அந்தப் படங்கள் எதிலும் தெரியாத ஒன்று உண்டு. அவர்களுடைய கால்கள். அவை சேற்றுக்குள் இருக்கின்றன.

விவசாயி சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்க முடியும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். மாலையில் அந்தக் கால்கள் வரப்பேறும்போது எப்படி இருக்கின்றன என்று பார்ப்பவர்கள் குறைவு. பாதம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். விரலிடுக்குகள் ஊறி, வெடித்து, எரியும். 'சேத்துப்புண்ணு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மறுநாளும் இறங்கிவிடுவார்கள்.

'ஒரு பூட்ஸ் போட்டுக்கிட்டா என்ன?' நகரத்திலிருந்து வருகிறவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்பதற்கென்றே உலகத்தில் ஓர் உடுப்பு இருக்கிறது. செல்போனில் தேடினால் படத்தோடு வந்து நிற்கிறது. அது டெல்டாவுக்குச் சரிப்படுமா? பதில் தெரிய வேண்டுமென்றால் ஆற்றோடு மேலே ஏற வேண்டும்.

அதே தண்ணீர், வேறு கால்கள்

கல்லணைக்கு வரும் தண்ணீர் முழுவதும் குடகிலிருந்து வருவதில்லை. நீலகிரியும் தன் பங்கைத் தருகிறது. ஊட்டிக்கு அந்தப் பக்கம், 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் அவலாஞ்சியின் ஓடைகள் குந்தா வழியாகப் பவானியில் சேர்கின்றன. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அப்படிப் பார்த்தால், திருவையாற்று வயலில் நிற்கும் தண்ணீரில் ஒரு கை அளவாவது அவலாஞ்சியுடையதாக இருக்கலாம்.

அந்த ஓடைகளில் டிரவுட் மீன் உண்டு. அது நம் ஊர் மீன் அல்ல. குளிர்ந்த, தெளிந்த, ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காத மீன். மீன்களைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு ஹென்றி சார்ல்ஸ் வில்சனின் முயற்சியில் 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் அங்கே நிலைத்துவிட்டது.

டிரவுட்டைப் பிடிக்க மண்புழு கோத்த தூண்டிலைவிட 'ஃப்ளை ஃபிஷிங்'கைத்தான் விரும்புகிறார்கள். பறவை இறகையும் நூலையும் வைத்துப் பூச்சி மாதிரி ஒரு தூண்டில் முள்ளைக் கட்டுவார்கள். அதற்கு எடையே இருக்காது. எனவே கனமான ஒரு கயிற்றைச் சாட்டை போலச் சுழற்றி, அந்த வேகத்தில் பூச்சியைத் தண்ணீர் மேல் இறக்குவார்கள். பின்னால் மரமோ புதரோ இருந்தால் கயிறு மாட்டிக்கொள்ளும். அதனால் கரையில் நிற்காமல் ஓடைக்கு நடுவிலேயே இறங்கி நிற்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் அப்படி வெகுநேரம் நின்றால் கால் மரத்துப்போகும். அதற்காக வந்த உடுப்புதான் 'வேடர்ஸ்'. நம் கண்ணப்ப நாயனார் வேடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரில் நடக்க உதவுவது என்பதால் வந்த ஆங்கிலப் பெயர்.

இங்கே ஒரு வார்த்தை: அவலாஞ்சி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதி. அனுமதி இல்லாமல் தூண்டிலோடு ஓடைக்குள் இறங்க நினைக்க வேண்டாம்.

மூச்சு விடும் உடுப்பு

வேடர்ஸ் என்பது பாதம் முதல் மார்பு வரை ஒரே துண்டாக வரும் கால்சட்டை. தோளில் பட்டை போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். முதலில் ரப்பரில் வந்தது. பிறகு பிவிசி, நியோப்ரீன். எல்லாவற்றிலும் ஒரே தொல்லை: வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே சுரக்கும் வியர்வையும் வெளியே போகாது. ஆற்றில் நனையாதவர் தன் வியர்வையில் நனைவார்.

இதற்கு வழி 1969இல் கிடைத்தது. அமெரிக்காவின் பாப் கோர், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசப்படும் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய சவ்வாக நீண்டது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளை. ஆனால், நீராவி தாராளமாகப் போய்விடும். 'கோர்டெக்ஸ்' என்ற பெயரில் அது மழைச்சட்டைக்கு வந்தது, பிறகு வேடர்ஸுக்கும் வந்தது. 'பிரீத்தபிள்' என்று விளம்பரங்களில் சொல்வது இதைத்தான்.

மலை ஓடைக்கு இப்படி ஒன்று வாங்குகிறவர்கள் விலைச்சீட்டுக்கு முன்னால் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, துணியின் அடுக்கு. முழங்காலும் உட்காரும் இடமும்தான் முதலில் தேயும். மேல் பகுதியில் 3 அடுக்கு இருந்தாலும், கால் பகுதியில் கூடுதல் அடுக்கு வைத்துத் தைத்திருந்தால்தான் நாள்பட உழைக்கும். தையல்கள் கால்களின் உள்பக்கமாக ஓடினால் உரசி உரசிக் கசியத் தொடங்கும். அவை முன்புறமோ பின்புறமோ தள்ளி இருப்பது நல்லது.

இரண்டாவது, அளவு. கடையிலேயே மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் தையல் விடும். தொளதொளவென்று இருந்தால் மடிப்பு விழுந்த இடம் தேயும்.

மூன்றாவது, பாதம். பூட்ஸ் ஒட்டியே வரும் வகை ஒன்று. மெத்தென்ற நியோப்ரீன் காலுறையோடு வந்து, தனியாக பூட்ஸ் போட்டுக்கொள்ளும் வகை இன்னொன்று. வழுக்குப் பாறையில் நடக்க இரண்டாவதே மேல். கயிறு கட்டிய பூட்ஸ் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். காலுறை தடிமனாக இருக்கும் என்பதால் பூட்ஸை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். அடியில் கம்பளி போன்ற ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ் பாறையில் வழுக்காது. ஆனால், ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பாசியை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து போய்விடும் என்பதால், நியூசிலாந்து அதை 2008இல் தடை செய்தது.

நான்காவது, இடுப்பு பெல்ட். இதை அலங்காரம் என்று நினைத்துக் கழற்றி வைக்கவே கூடாது. கால் தவறி விழுந்தால் உடுப்புக்குள் தண்ணீர் மளமளவென்று நிறையாமல் தடுப்பது அதுதான். பெல்ட் இல்லாத வேடர்ஸோடு ஓடும் ஆற்றில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கசிவு இருந்தால் இந்தச் சவ்வு வகையில் கண்டுபிடிப்பது சுலபம்: உள்பக்கத்தில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அங்கே பசை வைத்தால் போதும்.

கல்லணைக்குக் கீழே கணக்கு மாறுகிறது

இந்த உடுப்பை மாட்டிக்கொண்டு ஆற்றோடு இறங்கி வந்தால் என்ன ஆகும்?

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. சில நாள்களில் தண்ணீர் கல்லணையைத் தொடும். சுமார் 1,080 அடி நீளமுள்ள கரிகாலன் அணை அதைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து அனுப்பும். பூவும் நெல்லும் தூவி வரவேற்கும் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கும் மடைக்கும் வந்து வயலில் தேங்கும்போது, மலையின் குளிர்ச்சி மிச்சமிருக்காது. வெயிலில் வெதுவெதுப்பான கஞ்சியாகிவிடும்.

முதல் சிக்கல் அங்கேதான். மூச்சு விடும் உடுப்பு தானாக மூச்சு விடுவதில்லை. உள்ளே சூடும் ஈரமும் அதிகம், வெளியே குளிர்ச்சியும் வறட்சியும் அதிகம் என்ற வித்தியாசம் இருந்தால்தான் நீராவி வெளியேறும். டெல்டாவில் வெளியே 30 டிகிரியைத் தாண்டிய வெயில், காற்றில் கனத்த ஈரம், காலைச் சுற்றி வெந்நீர் மாதிரி சேறு. நீராவி எங்கே போகும்? சேறு அப்பிய இடத்தில் துளைகளும் மூடிக்கொள்ளும். விலை உயர்ந்த உடுப்பு பிவிசி போலவே புழுங்கும். பிவிசியோ, போட்டுக்கொண்டவரை மயக்கம் வரும் அளவுக்கு வேகவைத்துவிடும்.

இரண்டாவது சிக்கல், சேற்றின் பிடி. காலைத் தூக்கும்போது பாதத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, சேறு பின்னுக்கு இழுக்கும். வெறுங்காலில் விரல்களை விரித்துச் சுருக்கினால் இடைவெளியில் தண்ணீர் புகுந்து பிடி விட்டுவிடும். பிளவுபட்ட குளம்புள்ள எருமை சேற்றில் அநாயாசமாக நடப்பதும், ஒற்றைக் குளம்புள்ள குதிரை திணறுவதும் இதனால்தான். தட்டையான பூட்ஸ், குதிரையின் கட்சி. கால் மட்டும் மேலே வரும். பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும்.

மூன்றாவது சிக்கல், நடவு என்ற வேலையே. நடுகிறவர்கள் முன்னே போவதில்லை. இடுப்பை மடித்தபடி, நட்ட நாற்றை மிதிக்காமல், பின்னோக்கி அடி வைக்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் குதிகாலைத்தான் முதலில் உருவ வேண்டும். தொளதொள கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்னோக்கி நடந்தால், கால் சிக்கிச் சேற்றில் உட்கார வேண்டியதுதான்.

இவை போதாதென்று சீமைக்கருவேல முள், நத்தை ஓடு, உடைந்த கண்ணாடி. மெல்லிய சவ்வுக்கு ஒரு முள் போதும்.

ஆக, 'பூட்ஸ் போட்டுக்கிட்டா என்ன?' என்பதற்கு நடவுப் பெண்கள் சிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. அவர்கள் பழமையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கடையில் இருக்கும் பூட்ஸ் அவர்கள் வேலைக்காகச் செய்யப்படவில்லை.

சிரிப்பாக விட முடியாத காய்ச்சல்

அதற்காக வெறுங்காலே போதும் என்று இருந்துவிட முடியுமா? முடியாது. சேற்றுப்புண் வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. அது ஒரு திறந்த கதவு.

வயல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டிக்கு 'தஞ்சாவூர் கிட்டி' என்றே பெயர் வரும் அளவுக்கு இங்கே எலிக்கும் விவசாயிக்கும் பழைய பகை. எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கலாம். அது தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் இருக்கும் வெட்டு, சிராய்ப்பு, ஊறி வெடித்த தோல் வழியாக உடம்புக்குள் போகும். இதுதான் எலிக்காய்ச்சல். ஜெர்மனி மருத்துவர் அடால்ஃப் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை 1886இல் விவரித்தார். உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் பேருக்கு வருவதாகவும், அதில் 60,000 பேர் வரை இறப்பதாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வயல் வேலை செய்கிறவர்களும் கழிவுநீர் வேலை செய்கிறவர்களும் அதில் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

பக்கத்து இலங்கையில் 2008இல் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவி 7,000க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. அங்கே ஆபத்து அதிகமான பகுதிகளில், விதைப்புக் காலத்தில் வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார ஊழியர்கள் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள்.

திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை. இவைதான் முக்கிய அடையாளங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும். மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு நாள் பார்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது 'காய்ச்சல்' என்பதோடு 'வயலில் வேலை பார்த்தேன், காலில் புண் இருக்கிறது' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு அந்த ஒரு வரி பெரிய துப்பு.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. அவர்கள் வெறுங்காலில் சேற்றில் இறங்கவே கூடாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானின் டோரோ என்ற இடத்தில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டு பழைய வயல்வெளியில், சேற்றில் கால் புதையாமல் இருக்க மாட்டிக்கொண்ட மரக் கட்டைகள் கிடைத்திருக்கின்றன. பிரான்ஸில் 1853இல் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கியபோது, அவர் மனத்தில் இருந்தவர்கள் மரச்செருப்போடு ஈர வயலில் திரிந்த விவசாயிகள். இன்று ஜப்பானில் நடவுக்கென்றே ஒரு காலணி விற்கிறது. முழங்கால் வரை வரும் மெல்லிய ரப்பர், இரண்டாம் தோல் மாதிரி காலோடு ஒட்டியிருக்கும். மேலே பட்டை. காலைத் தூக்கினால் அதுவும் கூடவே வரும். அந்தச் சேற்றின் பிடியை நினைத்துச் செய்தது.

வியட்நாம் போரில் இன்னொரு பாடம் கிடைத்தது. மெகாங் டெல்டா வயல்களில் நாள்கணக்கில் நடந்த அமெரிக்கப் படையினருக்கு நம் சேற்றுப்புண் போன்ற தொல்லை வந்தது. 'நெல்வயல் பாதம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தண்ணீரை வெளியே நிறுத்துவது நடக்காது என்று புரிந்தது. உள்ளே வந்த தண்ணீர் வடிந்துபோக அவர்களுடைய காட்டு பூட்ஸின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருந்தன. காலைத் தொடர்ந்து நாள்கணக்கில் ஈரத்தில் வைக்காமல், இடையில் முழுக்க உலரவிட வேண்டும் என்பதும் அப்போது உறுதியானது. பாதத்தில் சிலிக்கான் களிம்பு பூசினால் தோல் ஊறுவது குறைகிறது என்றும் சோதனையில் பார்த்தார்கள்.

எண்ணெய் தடவிக்கொண்டு வயலில் இறங்கு, ஏறியதும் கழுவித் துடை என்று டெல்டாவில் பாட்டிகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

வேலைக்கு ஏற்ற காவல்

எல்லா வேலைக்கும் ஒரே காலணி என்பது நடக்காது. வேலையைப் பொறுத்துப் பிரித்துக்கொள்வதே நல்லது.

அண்டை வெட்டுதல், மடை திறத்தல், உரம் போடுதல், மருந்தடித்தல், கிட்டி வைத்தல் போன்ற வேலைகளில் ஓரிடத்தில் புதைந்து நிற்க வேண்டியதில்லை. இவற்றுக்கு முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் தாராளமாகப் போதும். எடை குறைந்ததாக, வளைந்து கொடுப்பதாக, குதிகாலில் ஆடாததாகப் பார்த்து வாங்க வேண்டும். வளைத்தால் வெள்ளைக் கோடு விழும் மலிவு பிவிசி சீக்கிரம் வெடிக்கும். பருத்தி சாக்ஸ் அவசியம். தினமும் மாற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் போய்விட்டால் கழற்றிக் கொட்டிவிட்டுத்தான் வேலை. ஊறிய பூட்ஸ் வெறுங்காலைவிட மோசம்.

குளம் தூர்வாருதல், மீன், இறால் பண்ணைக் குட்டைகளில் வலை இழுத்தல் போன்றவற்றுக்கு மார்பளவு பிவிசி உடுப்பு உதவும். தேங்கிய தண்ணீரில், இடுப்பு பெல்ட்டோடு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும். ஓடும் ஆற்றிலும் வாய்க்கால் மதகருகிலும் கூடவே கூடாது.

நடவுக்கும் களை எடுப்புக்கும், காலோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் காலணி கிடைத்தால் நல்லது. நம் கடைத்தெருக்களில் அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும் வரை பாதத்தையே பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கும் முன் பாதம், விரலிடுக்கு முழுக்க எண்ணெயோ வாசலினோ தடவுவது. வெட்டுக்காயம் இருந்தால் அன்று இறங்காமல் கரை வேலையை எடுத்துக்கொள்வது. சாப்பாட்டு வேளையில் காலைக் கழுவி வெயிலில் நீட்டி உலரவிடுவது. மாலையில் வாய்க்காலில் அலசியதோடு விடாமல், நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றுவது. மருதாணி அரைத்துப் பூசுவதிலும் தவறில்லை. அதிலுள்ள லாசோன் என்ற நிறமிக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. ஆனால், எலிக்காய்ச்சலுக்கு மருதாணி மருந்தாகாது.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல். தஞ்சாவூர்ப் பக்கம் தூண்டில் போட வேடர்ஸ் தேவையே இல்லை. கெண்டையும் கெளுத்தியும் விராலும் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கே மாட்டும். காலை நனைக்கத்தான் வேண்டுமென்றால், தண்ணீர் வடியும் பட்டை வைத்த செருப்பும் படித்துறையும் போதும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களையும் அவை விழுங்கியிருக்கின்றன.

வேலூரில் ஒருமுறை நடந்தது

காலுக்கு ஏற்ற செருப்பு செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1950களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். அவர்கள் பாதத்தில் புண் வருவதற்குக் காரணம் நோய் நேரடியாகச் சதையைத் தின்பதல்ல, வலி தெரியாத பாதத்தில் அழுத்தம் விழுவதுதான் என்று கண்டறிந்தார். மருந்தோடு நிற்காமல் மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடி வைத்த செருப்பைச் செய்ய வைத்தார். அந்த எம்.சி.ஆர். செருப்பு இன்றும் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. யார் கால், என்ன வேலை, எங்கே புண் என்று பார்த்துச் செய்ததால் நிலைத்த செருப்பு அது.

சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணித் தொழிற்சாலையே வந்துவிட்டது. நாற்றுக்கும் களைக்கும் எலிக்கும் கருவி யோசித்திருக்கிறோம். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தும்கூட, இயந்திரம் நுழையாத மூலைகளும் களை எடுப்பும் இன்னும் பெண்களின் கால்களை நம்பித்தான் இருக்கின்றன. பின்னோக்கி நடக்கும் அந்தக் காலுக்கு ஒரு காலணி மட்டும் இன்னும் பாக்கி.

வேர்கள் மூச்சு விடும் இடம்

கல்லணையில் பிரிந்த தண்ணீரின் ஒரு பங்கு, திருவாரூர் மாவட்டத்தின் தெற்கே முத்துப்பேட்டைக்கு வந்து கடலைத் தொடுகிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகிறவர்கள் பார்க்கலாம்: கரையோரச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அலையாத்தி மரத்தின் சுவாச வேர்கள் அவை. காற்றே இல்லாத உப்புச் சேற்றில் நிற்கும் மரம், தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த வேர்கள் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. ஊறுவதும் உலர்வதும் மாறி மாறி நடப்பதால்தான் அது அழுகாமல் நிற்கிறது.

வலையோடு அதே சேற்றில் இறங்கும் மீனவர்களின் கால்கள், கூரான அந்த வேர்களுக்கும் சிப்பி ஓடுகளுக்கும் நடுவே வழி தேடிப் போகும். அவர்களும் வெறுங்கால்தான்.

அடுத்த முறை திருவையாற்றுப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் படம் எடுங்கள். நல்ல படம்தான். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, ஊரிலோ நடவுக்குப் போய் வருகிறவர் இருந்தால், அன்று மாலை அவர் பாதத்தையும் ஒருமுறை பாருங்கள். விரலிடுக்கு வெடித்திருந்தால் ஒரு பாட்டில் எண்ணெயும் உலர்ந்த துணியும் எடுத்துக் கொடுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்திருந்தால், பொழுது விடியக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.